கன்றுக்குச் சொன்ன வார்த்தை

என் அக்காவின் கல்யாணத்தை நிச்சயம் செய்தது ஓர் எருமைக் கன்று.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். பையனுக்கு நல்ல உத்தியோகம். ஆனால் கேட்கிற சீர் கொஞ்சம் அதிகம். சரி என்று எழுதுவதா, நமக்குத் தோதுப்படாது என்று எழுதுவதா? அம்மா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நான் திண்ணைத் தூணைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தெருவில் இரண்டு பேர் ஓர் எருமைக் கன்றை இழுத்துக்கொண்டு பேரம் பேசியபடி போனார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் ஒருவன் உரத்த குரலில், "பிடிச்சுக் கொடுத்துடுப்பா! பாக்கியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

"கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"அவன் கன்னுக்குட்டியைச் சொல்றான்டி."

"எதைச் சொன்னா என்ன? நாம நினைச்சுக்கிட்டிருக்கிற நேரத்திலே வார்த்தை வந்துதா, இல்லையா?"

அப்பா அன்று மாலையே சம்மதம் என்று எழுதிப் போட்டுவிட்டார். எருமைக்காக எழுதவில்லை, பையனின் உத்தியோகத்துக்காக எழுதினேன் என்று பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் மருமகன் இல்லாத சமயங்களில் அவருக்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர் 'எருமைக் கன்று மாப்பிள்ளை' என்பதுதான். அத்தான் மிகவும் நல்லவர். இதை அவர் படிக்க நேர்ந்தால் மன்னிப்பார்.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். சகுனம், சாஸ்திரம் எதையும் லட்சியம் செய்யமாட்டார். ராகு காலத்தில்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கிளம்புவார். அம்மாவோ நேர் விரோதம். பல்லி சொன்னால் விரலால் தரையில் தட்டுவாள். 'போகிறேன்' என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. 'போய்விட்டு வருகிறேன்' என்று திருத்திக்கொண்ட பிறகுதான் படியிறங்கலாம். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றுவிட்டால், அவருக்கு அங்கேயே நூறு வயது கொடுத்துவிடுவாள்.

அன்று அவள் செய்த காரியத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அது அவளுக்குக் கடைசி வரையில் தெரியாது. எனக்கும் காலேஜில்தான் தெரிந்தது. நான் காலேஜில் படித்தது இரண்டே வருஷம். அதில் மனத்தில் தங்கியது சொற்பம். தங்கியவற்றில் ஒன்று முல்லைப்பாட்டு. 1889-இல் உ. வே. சாமிநாதையர் அச்சிட்ட பத்துப்பாட்டு நூல்களில் அதுதான் மிகச் சிறியது, 103 அடிதான். பாடியவர் நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்தில் பொன் வாணிகம் செய்த ஒருவருடைய மகன். தகப்பனார் பொன்னை நிறுத்த மாதிரியே பிள்ளை சொல்லை நிறுத்தார் என்று எங்கள் தமிழ் வாத்தியார் வருஷா வருஷம் சொல்லுவாராம்.

அரசன் போருக்குப் போயிருக்கிறான். கார்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவன். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. மழை கொட்டித் தீர்த்த ஒரு மாலைப் பொழுதில் வயதான பெண்கள் சிலர் காவல் மிக்க ஊரைத் தாண்டி வெளியே போகிறார்கள். நாழியில் நெல்லும், அப்போதுதான் அலர்ந்த முல்லைப் பூவும் கையில் இருக்கின்றன. அவற்றைத் தூவிக் கை கூப்பித் தொழுதுவிட்டுச் சும்மா நிற்கிறார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்திலே ஒரு தொழுவம். சின்னக் கயிற்றில் கட்டிய கன்று ஒன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் நடுங்கிக் கைகளைத் தோளோடு அணைத்துக்கொண்டிருக்கும் ஓர் இடைப்பெண் அதைத் தேற்றுகிறாள். கோவலர்கள் பின்னாலிருந்து ஓட்டி வர உன் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்கிறாள். அவ்வளவுதான். கிழவிகள் திரும்பிப் போய் அரசியிடம், நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் பகைவரை வென்று திறை வாங்கிக்கொண்டு வருவது நிச்சயம், கவலையை விடு என்கிறார்கள்.

இதற்குத்தான் விரிச்சி என்று பெயர். மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு போய் நின்று, முன்பின் தெரியாத யாரோ தம் பாட்டுக்குப் பேசுகிற பேச்சில் ஒரு துண்டைக் காதில் வாங்கி, அதையே தமக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்வது.

வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமைக் கன்று நினைவுக்கு வந்தது. வாத்தியார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

அந்தக் கிழவிகளிடத்தில் எனக்குப் பிடித்தது, அவர்கள் எதையும் மறைக்காததுதான். கடவுள் சொன்னார், அசரீரி கேட்டது என்று கதை கட்டவில்லை. ஓர் இடைப்பெண் கன்றுக்குச் சொன்னாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். அரசி சமாதானமடைந்தாளா? இல்லை. அவர்கள் எடுத்து எடுத்துச் சொல்லியும் அவள் தெளியவில்லை, அழுகைதான் அதிகமாயிற்று. நப்பூதனார் கெட்டிக்காரர். விரிச்சி கேட்டது, துயரம் தீர்ந்தது என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பாட்டை அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் நம்மைப் பாசறைக்கு அழைத்துப் போய், புண்பட்ட யானைகளையும் மாண்டுபோன வீரர்களையும் நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்த அரசனைக் காட்டுகிறார். மறுபடியும் அரண்மனைக்குத் திரும்பினால், அவள் ஏழடுக்கு மாளிகையில் விளக்கொளியில் படுத்தபடி, கூரைச் சரிவிலிருந்து மழைநீர் அருவியாகக் கொட்டும் ஓசையைக் காதால் அளந்துகொண்டிருக்கிறாள். அந்தக் காதில்தான் கடைசியில் அரசன் திரும்பும் ஆரவாரம் வந்து விழுகிறது. பாட்டு முழுவதும் யாராவது ஒருவர் எதையாவது உற்றுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

விரிச்சி எப்போதும் நல்லதையே சொல்லிவிடாது. தொல்காப்பியத்தில் அது வெட்சித் திணையில் வருகிறது. வெட்சி என்றால் பகைவர் நாட்டு மாடுகளைக் கவர்ந்து வருவது. போகிற வழியில் ஒரு பாக்கத்தில் தங்கி விரிச்சி கேட்டுவிட்டுப் போவார்களாம். இங்கேயும் மாடுதான்! திருடப் போகிறவனுக்கு நல்ல சொல் கிடைத்தால், மாட்டைப் பறிகொடுக்கப் போகிறவனுக்கு அது என்ன சொல்?

புறநானூற்றில் 280-ஆம் பாட்டு இன்னும் கடுமையானது. பாடியவர் மாறோக்கத்து நப்பசலையார். புருஷன் மார்பில் புண்ணோடு கிடக்கிறான். பெண்ணொருத்தி பக்கத்தில் இருக்கிறாள். நடு ராத்திரியில் வண்டு வந்து ரீங்காரமிடுகிறது. ஏற்றிய விளக்கு நிற்காமல் அணைந்து அணைந்து போகிறது. ஆந்தை அலறுகிறது. நெல்லும் நீரும் தூவி விரிச்சி கேட்கப் போன கிழவிக்கும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அந்தப் பெண் அழவில்லை. அவனை நம்பிப் பிழைத்த துடி கொட்டுகிறவனையும் பாணனையும் விறலியையும் பார்த்து, இனி நீங்கள் என்ன ஆவீர்களோ, பாவம், என்று இரங்குகிறாள். கைம்பெண்ணாகி அல்லியரிசியைத் தின்றுகொண்டு உயிர் வாழ்வது தனக்கு முடியாத காரியம் என்றும் சொல்லிவிடுகிறாள். இந்தப் பாட்டை நான் ராத்திரியில் படிப்பதில்லை.

விரிச்சி நம் பாட்டிமார்களின் தனிச் சொத்து என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கதை எழுதத் தொடங்கிய காலத்தில், பெரியவர்கள் சொன்னார்களே என்று ஹோமரின் ஒடிஸியை இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிப் படித்தேன். இருபதாவது காண்டத்துக்கு வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறான் ஒடிஸியஸ். அவனுடைய மனைவியைப் பெண் கேட்டு வந்த கூட்டம் வீட்டை அடைத்துக்கொண்டு தின்று தீர்க்கிறது. மறுநாள் அவர்களோடு மோத வேண்டும். விடியற்காலையில் தேவராஜனான ஸீயஸை வேண்டிக்கொள்கிறான்: வானத்தில் ஓர் அறிகுறி காட்டு, வீட்டுக்குள் விழித்திருக்கும் யாராவது ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரட்டும். வானம் இடித்தது. சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாவு அரைக்கிற இடத்திலிருந்து. பன்னிரண்டு பெண்கள் அங்கே அரைக்கிறவர்கள். மற்றவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டுத் தூங்கிப் போனார்கள். எல்லோரிலும் பலவீனமான ஒருத்திக்கு மட்டும் வேலை முடியவில்லை. அவள் திரிகையை நிறுத்தி, எனக்கு முட்டி விட்டுப் போகும்படி அரைக்க வைத்தார்களே, இவர்கள் தின்னுகிற கடைசி விருந்து இதுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெளியில் படுத்திருந்த பிச்சைக்காரன் அதைக் கேட்டு மகிழ்ந்தான். அவன் யார், அவன் அதைக் கேட்டான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

கிரேக்கர்கள் பிறகு இதற்கு ஒரு கோயிலே கட்டிவிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பாஸேனியஸ் என்பவர், ஃபாரை என்ற ஊரின் சந்தைத் திடலில் ஹெர்மிஸ் என்னும் தெய்வத்தின் கற்சிலை இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். சாயங்காலத்தில் போய்ச் சாம்பிராணி போட்டு, விளக்குகளுக்கு எண்ணெய் விட்டு ஏற்றி, பலிபீடத்தில் ஒரு காசு வைத்து, சிலையின் காதோடு காதாக உங்கள் கேள்வியைக் கேட்க வேண்டும். பிறகு உங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியே வர வேண்டும். வந்ததும் கையை எடுத்தால், முதலில் எந்தக் குரல் காதில் விழுகிறதோ அதுதான் பதில். அந்த ஊர்க்காரர்கள் சந்தைக்கு வெளியே நின்று எதைப் பேசவும் பயந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரோமாபுரிக்காரர்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. கி.மு. 168-இல் மாஸிடோனிய மன்னன் பெர்ஸியஸோடு போர் நடத்தும் பொறுப்பு எமீலியஸ் பவுலஸ் என்பவருக்கு வந்தது. அன்று வீடு திரும்பியதும் அவருடைய சின்னப் பெண் வாட்டமாக இருந்தாள். முத்தமிட்டு, என்னம்மா என்று கேட்டார். "பெர்ஸா செத்துப் போச்சு, அப்பா!" என்றாள். பெர்ஸா என்பது அவள் வளர்த்த நாய்க்குட்டி. தகப்பனார் பெண்ணை இறுக அணைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்கிறேன் என்றாராம். அந்த வருஷமே பிட்னாப் போர்க்களத்தில் பெர்ஸியஸ் தோற்றான். நாய்க்குட்டிக்காக அழுத குழந்தையை அப்பா எதற்காக அப்படிக் கட்டிக்கொண்டார் என்பது அவளுக்கு என்று விளங்கியதோ!

இதைச் சொன்னவர் சிசரோ. அவரே இன்னொன்றும் சொல்கிறார். பெரும் பணக்காரனான கிராஸஸ், பார்த்தியர்களோடு போரிடப் பிருந்தீஸியம் துறைமுகத்தில் படையைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தான். கானஸ் என்ற ஊரிலிருந்து வந்த அத்திப்பழத்தை ஒருவன் அங்கே கூவி விற்றுக்கொண்டிருந்தான். 'கானியாஸ்! கானியாஸ்!' என்பது அவன் கூவல். லத்தீனில் வேகமாகச் சொன்னால் அது 'ஜாக்கிரதை, போகாதே' என்று கேட்குமாம். கிராஸஸ் போனான். கி.மு. 53-இல் கார்ரே என்னுமிடத்தில் தானும் மாண்டு, மகனையும் இழந்தான். ப்ளூடார்க் கணக்குப்படி அவனுடைய படையில் 20,000 பேர் செத்தார்கள். 10,000 பேர் பிடிபட்டார்கள்.

இதற்குச் சிசரோவின் தீர்ப்பு அப்பாவின் தீர்ப்பேதான். இதையெல்லாம் நம்பத் தொடங்கினால் கால் இடறுவது, செருப்பு வார் அறுவது, தும்மல் போடுவது எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கும் என்று கேலி செய்கிறார். இதில் ஒரு வேடிக்கை. ரோமாபுரியில் பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்வதற்கென்று ஒரு சபை இருந்தது. சிசரோவும் அதில் ஓர் அங்கத்தினர். அவருக்கு அந்த இடம் காலியானதே கிராஸஸின் மகன் அந்தப் போரில் செத்ததனால்தான். அத்திப்பழக்காரனின் கூவலைக் கிராஸஸ் கேட்டிருந்தால், சிசரோவுக்கு அன்று அந்தப் பதவி கிடைத்திராது.

அத்தி மரம் இன்னொரு இடத்திலும் வருகிறது. கி.பி. 386-இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அத்தி மரத்தடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தார் அகஸ்டின் என்ற உபாத்தியாயர். பழைய வாழ்க்கையை விடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், 'எடுத்துப் படி, எடுத்துப் படி' என்று பாட்டு மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். குழந்தைகள் விளையாட்டில் இப்படி ஒரு பாட்டு உண்டா என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. எழுந்து போய்ப் பவுலின் நிருபங்களைத் திறந்து, கண்ணில் பட்ட இடத்தைப் படித்தார். கிறிஸ்தவ உலகத்தின் பெரிய ஞானிகளில் ஒருவர் உண்டானார். அந்தக் குழந்தை விளையாடி முடித்துச் சாப்பிடப் போயிருக்கும்.

இத்தனையும் படித்தவன், நம்புகிறாயா என்று கேட்டால் சிசரோ பக்கம்தான் கை தூக்குவேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் எல்லாம். ஆனால் ஒரு ராத்திரி நானும் அந்தக் கிழவிகளைப் போல நின்றிருக்கிறேன்.

அப்பாவுக்கு 73-ஆவது வயதில் மார்வலி வந்தது. அம்மா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவும் நானும் இருந்தோம். டாக்டர் ஓர் ஊசி மருந்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, "விடியட்டும், பார்க்கலாம்" என்றார். அந்த வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் சீட்டோடு வெளியே வந்தேன். நல்ல மழை. மருந்துக் கடைக்குப் போகும் வழியில், தெரு முனையில் ஒரு வெளியூர் பஸ் நின்றிருந்தது. மூட்டையோடு இறங்கப் பார்த்த ஒரு கிழவியைக் கண்டக்டர் தடுத்துக்கொண்டிருந்தார்.

"இறங்காதே ஆத்தா! உன் ஊரு இன்னும் வரலே. பேசாமே உட்காரு."

நான் நின்றுவிட்டேன். முல்லைப்பாட்டும் நினைவில்லை, ஒன்றும் நினைவில்லை. முழங்கால் நடுங்கியது. திரும்பி ஓடி, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி அக்காவிடம் போய், "ஒண்ணும் ஆகாது அக்கா, பயப்படாதே" என்றேன்.

"மருந்து எங்கேடா?" என்றாள்.

மறுபடியும் ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் அப்பா தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். பஸ் சமாசாரத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கிழவி எந்த ஊருக்குடா டிக்கெட் வாங்கியிருந்தா?"

"தெரியாதுப்பா."

"அதை விசாரிக்க வேண்டாமா? அதைக் கேட்டாத்தானே எத்தனை நாள்னு கணக்குப் போடலாம்."

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அதன் பிறகு பதினொரு நாள் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் அவர் பேசிய மாதிரி அதற்கு முன் பேசியதில்லை. ஒரு நாள் மத்தியானம், எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர், "அன்னிக்கு நான் வேண்டாம்னு எழுதறதாத்தான் இருந்தேன்" என்றார்.

"என்னைக்குப்பா?"

"எருமைக் கன்னு போச்சே, அன்னிக்கு. கடனை நினைச்சுப் பயந்துட்டேன். அந்தப் பயல் கத்தினான், உங்கம்மா என்னைப் பார்த்தா... எழுதிப் போட்டுட்டேன். அவ இருந்த வரைக்கும் நான் ஒத்துக்கலே."

அக்கா ஜன்னலோரத்தில் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. டம்ளரை மட்டும் வெகு நேரம் கழுவினாள். இருபத்தெட்டு வருஷத்துக் குடும்பம், மூன்று பிள்ளைகள், பேரன் பேத்தி.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அவளும் நானும் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா திடீரென்று கேட்டாள்:

"நீ அன்னிக்கு இங்கேதானே இருந்தே? அந்தக் கன்னுக்குட்டியைக் கடைசியிலே கொடுத்தாங்களா, இல்லையாடா?"

"தெரியலே அக்கா. தெரு முனை வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன். பேசிக்கிட்டேதான் போனாங்க."